கடன் வாங்கிய நஞ்சு

(பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குடல் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி மூலக்கூறு அளவில் நடந்திருக்கும் ஆராய்ச்சிகளைச் சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். டைபாய்டு, ஷிகெல்லா, ஈ.கோலை என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போனால் வீட்டுக்குப் போகும்போது எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஒரு கிருமியை எடுத்துக்கொள்கிறேன். விப்ரியோ காலரே. நம் பாட்டிமார் வாந்திபேதி என்று அஞ்சிய நோயின் கிருமி. கோபம் தலைக்கேறினால் தெற்கத்திக் கிராமங்களில் இன்றும் 'பேதியில போக' என்று சபிப்பார்கள். காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் இல்லாமல் போன காலத்தின் அச்சம் அந்தச் சாபத்தில் இருக்கிறது.

இந்தக் கிருமியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றில் முதன்மையான பல செய்திகள் நோய் இருந்த ஊர்களிலிருந்தே வந்தவை. கல்கத்தாவிலிருந்து, டாக்காவிலிருந்து, சென்னையிலிருந்து. நோய் இருக்கும் இடத்தில்தான் அதன் அறிவியலும் வேர்விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கான சான்றுகள்தாம்.

ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் கோக் 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்தார். எகிப்தில் தொடங்கிய தேடலை இங்கே முடித்தார். காலராவில் இறந்தவர்களின் குடலில் வளைந்த வடிவுள்ள ஒரு கிருமியைத் திரும்பத் திரும்பக் கண்டார். மக்கள் குளித்த, குடித்த குளத்து நீரிலும் அதையே கண்டார். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பச்சினி 1854லேயே அதைப் பார்த்து எழுதிவைத்திருந்தார். அப்போது அவர் பேச்சு எடுபடவில்லை. கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டிய கோக், ஒரு கேள்வியை மட்டும் பாக்கி வைத்துவிட்டுப் போனார். இது எப்படிக் கொல்கிறது? ஏதோ நஞ்சு இருக்க வேண்டும் என்று சொன்னார். அதைக் காட்ட அவரால் முடியவில்லை. காலராவை விலங்குகளில் உண்டாக்கவும் இயலவில்லை.

அந்த பாக்கி தீர 75 ஆண்டுகள் பிடித்தன. கிருமி செத்து உடையும்போது அதன் உடலிலிருந்து நஞ்சு வெளிப்பட்டு, இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்குகிறது என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையே ஆழப் பதிந்திருந்தது. அதனால் கிருமியை இரத்தக்குழாயிலும் வயிற்றறையிலும் ஊசியால் செலுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விலங்குகள் இறந்தன. ஆனால் அவற்றுக்குக் காலரா வரவில்லை.

கல்கத்தாவில் சம்புநாத் டே என்றொரு நோய்க்குறியியல் ஆசிரியர் இருந்தார். 1915ல் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். லண்டனில் ஆய்வுப் பட்டம் முடித்து 1949ல் ஊர் திரும்பி, மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். காலரா நோயாளியின் உடலிலிருந்து நீர் போவது குடல் வழியாக. அப்படியிருக்க, இரத்தத்தில் ஏன் தேட வேண்டும்? முயலின் சிறுகுடலில் சிறு நீளத்தை இரு முனையிலும் நூலால் கட்டினார். அந்தக் கட்டுக்குள் உயிருள்ள கிருமிகளைச் செலுத்தினார். ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது அந்தப் பகுதி நீர் நிறைந்து விம்மிப் போயிருந்தது. கிருமி செலுத்தாத பகுதி வெறுமனே கிடந்தது. இது 1953ல் வெளிவந்தது. 1959ல் இன்னும் ஒரு படி மேலே போனார். கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத தெளிந்த நீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் விம்மியது. கிருமி உயிரோடிருக்கும்போதே வெளியே சுரந்துவிடும் நஞ்சு ஒன்று இருக்கிறது, அது குடலைத்தான் தாக்குகிறது என்பது ஐயமறத் தெரிந்துவிட்டது. 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரையாக அது வந்தது. அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் அவர் குழுவினரும் முயல்குட்டிகளைக் கொண்டு வேறொரு வழியாக அதே திசைக்கு வந்துசேர்ந்தார்கள்.

டே அதோடு நிற்கவில்லை. பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த சில ஈ.கோலை கிருமிகளும் முயலின் குடலை அதேபோல் விம்ம வைக்கின்றன என்று 1956லேயே காட்டியிருந்தார். எல்லார் குடலிலும் இருக்கிற, தீங்கற்றது என்று கருதப்பட்ட கிருமி அது. அதில் ஒரு வகை, காலரா நஞ்சின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க நஞ்சைச் சுரக்கிறது என்பது பின்னாளில் உறுதியாயிற்று. ஏழை நாடுகளின் குழந்தைகளைப் படுத்தும் வயிற்றுப்போக்கில் அந்த வகைக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். முயல், நூல், வடிகட்டி. டேயிடம் இருந்தவை இவ்வளவுதான். இவற்றைவிட நல்ல கருவிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறையவே இருந்தன. ஆனால் டேயின் ஆய்வு மேசைக்குப் பக்கத்து வார்டிலேயே காலரா நோயாளிகள் இருந்தார்கள். நாளும் அவர்களைப் பார்த்தவருக்குக் கேள்வி சரியாக எழுந்தது. நோபல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பெர்க், டேக்கு நோபல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1978ல் நோபல் கருத்தரங்கில் பேச டே அழைக்கப்பட்டார். 1985ல் அவர் இறக்கும்வரை இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. இறந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1990ல், 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கென ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. ஒரு மனிதருக்கு நாம் இழைத்த அநீதியாக மட்டும் இதை நான் பார்க்கவில்லை. நம் ஊர் மருத்துவமனையில் நடக்கும் ஆராய்ச்சியை நாமே ஆராய்ச்சியாக மதிக்காத பழக்கம் இது. அது இன்னும் போகவில்லை.

அந்த நஞ்சை 1969ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டைன் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். அதன் பிறகு அது செய்யும் வேலையை ஒவ்வொரு படியாகப் படிக்க முடிந்தது. இனி வருவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது இதற்குள்தான் இருக்கிறது.

நஞ்சு ஒரு புரதம். ஒரே மாதிரியான ஐந்து 'பி' துண்டுகள் வளையமாக அமைந்திருக்கும். அவற்றோடு ஒரே ஒரு 'ஏ' துண்டு. சிறுகுடலின் உட்பரப்புச் செல்களின் மேல் ஜி.எம்.1 என்ற மூலக்கூறு இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் இணைந்தது. பி வளையம் அதைப் பற்றிக்கொள்ளும். செல் தானாகவே நஞ்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனபின் ஏ துண்டின் ஒரு பகுதி பிரிந்து, செல்லில் இருக்கும் ஜி புரதம் ஒன்றின்மேல் ஒரு சிறு வேதித்தொகுதியை ஒட்டிவிடுகிறது. ஜி புரதத்தின் இயல்பு சிறிது நேரம் இயங்கிவிட்டுத் தானே ஓய்வது. ஒட்டுப்பட்டபின் அதற்கு ஓய்வு கிடையாது. அதன் தூண்டுதலால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு செல்லுக்குள் பெருகிக்கொண்டே போகிறது. அது பெருகினால் சி.எஃப்.டி.ஆர். என்னும் குளோரைடு வாயில் திறந்தபடி நின்றுவிடும். குளோரைடு குடலுக்குள் கொட்டும். அதன் பின்னால் சோடியம் போகும். இரண்டின் பின்னாலும் நீர் போகும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போய்விடும். கண் குழிந்து, கை விரல்கள் சுருங்கி, நாடி அகப்படாமல் மனிதர் கிடப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிருமி குடற்சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. குடற்செல்லைக் கொல்வதும் இல்லை. காலராவில் குடலின் உட்தோல் உரிந்து விழுந்துவிடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவர்கள் நம்பிவந்தார்கள். தாய்லாந்தில் யூஜீன் கங்கரோசாவும் அவர் குழுவினரும் உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்த்தார்கள். உட்தோல் முழுதாக இருந்தது. 1960ல் அதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ராபர்ட் கிரேன், குடற்செல்லில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அந்த வழியைக் காலரா நஞ்சு தொடுவதே இல்லை. வெளியே கொட்டும் வாயில் திறந்து கிடக்கிறது, ஆனால் உள்ளே வரும் வழி பழுதுபடவில்லை. உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் கலந்து கொடுத்தால் அந்த வழியாக நீர் உள்ளே வந்துவிடும்.

1953ல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி வாய்வழி உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து நோயாளிகளைக் காப்பாற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் அப்போது இல்லை. பெரிதாக யாரும் கவனிக்கவும் இல்லை. 1968ல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் முறையான சோதனை செய்து காட்டினார்கள். 1971ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் முகாமில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழி செலுத்தும் திரவம் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் துணிந்து பீப்பாய்களில் கரைசலைக் கலக்கச் செய்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இன்று மருந்துக்கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் இருக்கும். பொட்டலத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவு நீரிலேயே கலக்குங்கள். அட்டைப்பெட்டியில் பழச்சாறு போல் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. சர்க்கரை மிகுந்தால் அதுவே நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். தாய்மார்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நஞ்சை விட்டு, நஞ்சைச் செய்யும் மரபணுவுக்கு வருகிறேன். என் மனத்தை மிகவும் கவர்ந்த கண்டுபிடிப்பு இது.

விப்ரியோ காலரே கடலும் ஆறும் கலக்கும் உவர்நீரில் இயல்பாக வாழும் கிருமி. உடலின் மேற்பூச்சில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை வைத்து அதை 200க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை காலராவை உண்டாக்குவதில்லை. நஞ்சு மரபணு அவற்றிடம் இல்லை. அப்படியானால் சிலவற்றுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது? 1996ல் ஹார்வர்டில் மேத்யூ வால்டரும் ஜான் மெகலனோஸும் விடை கண்டார்கள். அந்த மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது. அந்த வைரஸுக்கு சி.டி.எக்ஸ். ஃபை என்று பெயர். நூல் போல் மெலிந்தது. அதன் மரபுப்பொருள் முழுவதும் சுமார் 7,000 எழுத்துகள்தாம். காலரா நஞ்சின் மரபணு அதற்குள் இருக்கிறது.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. வைரஸிலிருந்த நஞ்சு மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் மரபணுவை வைத்தார்கள். மருந்தைத் தாங்கும் ஆற்றல் வேறு விப்ரியோக்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தது. கண்ணாடிக் குடுவையில் நடந்ததைவிட எலியின் குடலுக்குள் மிகத் தாராளமாக நடந்தது. காரணம் இதுதான். குடலில் ஒட்டி வாழ்வதற்கு இந்தக் கிருமி டி.சி.பி. என்ற மெல்லிய இழைகளை நீட்டும். இழைகள் இல்லையென்றால் அது குடலில் தங்க முடியாது. வைரஸ் அந்த இழைகளையே பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் கிருமியின் குரோமோசோமில் போய் அமர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கிருமியோடு சேர்ந்தே பெருகுகிறது. மனிதக் குடலில் தங்கும் திறமையும் மனிதரைக் கொல்லும் நஞ்சும் ஒரே கிருமியில் சேர்ந்தது இப்படித்தான்.

இந்தச் செய்தியைக் கேட்டபின் கிருமியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. அதனிடம் இப்போது எந்தெந்த மரபணுக்கள் இருக்கின்றன, அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டாக வேண்டும். 2000ல் எல் டார் எனப்படும் கிளையைச் சேர்ந்த காலராக் கிருமி ஒன்றின் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. 1975ல் வங்கதேசத்தில் எடுத்த கிருமி அது. அதற்கு இரண்டு குரோமோசோம்கள். ஒன்றில் ஏறத்தாழ 29.6 லட்சம் எழுத்துகள், மற்றதில் 10.7 லட்சம். அங்கங்கே வெளியிலிருந்து வந்து குடியேறிய துண்டுகள் தெளிவாகத் தெரிந்தன.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கான பாடத்தை உலகத்துக்கு நம் சென்னை கொடுத்திருந்தது. அந்தக் கதையை நம்மில் பலரும் அறியமாட்டோம்.

1992 வரை கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால், மேற்பூச்சை வைத்துப் பிரித்த வகைகளில் அது ஓ1 வகைதான் என்பது மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. ஆய்வுக்கூடங்களில் சந்தேகத்துக்குரிய கிருமியை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து ஓ1 எதிர்ச்சீரத்தோடு கலப்பார்கள். திரிந்து திட்டுத்திட்டானால் காலரா. ஆகாவிட்டால் 'ஓ1 அல்லாதது' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். 1992 அக்டோபரில் சென்னையில் காலரா போலவே பேதியோடு நோயாளிகள் வந்தார்கள். தொடர்ந்து மதுரையிலும் வேலூரிலும் வந்தார்கள். அவர்களிடமிருந்து எடுத்த கிருமி ஓ1 எதிர்ச்சீரத்தில் திரியவில்லை. நோயோ அப்பட்டமான காலரா. காலரா வழக்கமாக இருக்கும் ஊர்களில் பெரியவர்களுக்குப் பழைய தொற்றுகளால் ஓரளவு பாதுகாப்பு இருக்கும், குழந்தைகளே அதிகம் விழுவார்கள். இந்த முறை பெரியவர்கள் நிறைய விழுந்தார்கள். பழைய பாதுகாப்பு இந்தக் கிருமியிடம் செல்லவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டி, அங்கே ஆண்டுக்கணக்காக ஆட்சி செய்த, ஓ1 வகையின் கிளையான எல் டாரை ஒதுக்கித் தள்ளியது. அதுவரை அறியப்பட்ட 138 வகைகளில் எதிலும் அது சேரவில்லை. அதனால் அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையில் முதலில் தெரிந்ததால் 'பெங்கால்' என்ற பெயரும் சேர்ந்தது.

மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது புதிர் விடுபட்டது. உடல் பழைய எல் டாருடையது, நஞ்சும் இழைகளும் அப்படியே. மாறியது மேற்சட்டை மட்டும். மேற்பூச்சுச் சர்க்கரையைச் செய்யும் மரபணுக் கூட்டம் மொத்தமாக வெட்டியெடுக்கப்பட்டு, அந்த இடத்தில் வேறு எங்கிருந்தோ வந்த நீண்ட துண்டு உட்கார்ந்திருந்தது. நம் உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் கண்டு பழகியது அந்த மேற்பூச்சைத்தான். அது மாறியதும் பெரியவர்கள் உடலும் ஏமாந்தது, ஆய்வுக்கூட எதிர்ச்சீரமும் ஏமாந்தது.

இந்த மாற்றம் எங்கே நடந்திருக்கும்? கடலோர நீரில் வாழும் நுண்ணிய இறால் இனங்களின் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. விப்ரியோ அதன்மேல் படர்ந்து வாழும். கைட்டின்மேல் இருக்கும்போது இந்தக் கிருமி, சுற்றிலும் கிடக்கும் அந்நிய டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறமையைப் பெறுகிறது என்று 2005ல் ஸ்டான்ஃபோர்டில் கேரி ஸ்கூல்னிக்கின் குழுவினர் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மெலனி பிளோகெஷும் ஸ்கூல்னிக்கும், ஓ1 எல் டார் கிருமி கைட்டின் பரப்பில் ஓ139இன் டி.என்.ஏ.வை எடுத்து ஒரே தாவலில் ஓ139 ஆக மாறுவதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். பின்னர் பிளோகெஷின் குழு 2015ல் இன்னொன்றையும் கண்டது. இந்தக் கிருமி பக்கத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களை நுண்ணிய ஈட்டி போன்ற ஒரு புரதக் கருவியால் குத்திக் கொன்று, அவற்றிலிருந்து சிந்தும் டி.என்.ஏ.வை எடுத்துக்கொள்கிறது. கடலோரத்தில் நாம் காணாத இடத்தில் இது இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை நம் சுகாதாரத் திட்டங்கள் எதுவும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் எடுத்த ஓ139 கிருமிகளில் ஒன்றுக்கு எம்.ஓ.10 என்று பெயர். இன்றும் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் அது வளர்க்கப்படுகிறது. அதைப் படித்தபோது சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்டிரெப்டோமைசின் ஆகிய மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே பெரிய துண்டில் அடுக்கியிருப்பது தெரிந்தது. சுமார் ஒரு லட்சம் எழுத்து நீளம். எஸ்.எக்ஸ்.டி. என்று அழைத்தார்கள். அந்தத் துண்டு ஒரு கிருமியிலிருந்து வெளியேறி இன்னொன்றில் நுழைய வல்லது. 2004ல் வால்டரின் குழு வெளியிட்ட முடிவு எல்லாரையும் திடுக்கிட வைத்தது. சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மருந்தால் கிருமியின் டி.என்.ஏ. சேதப்படும்போது கிருமிக்குள் ஒரு அபாய ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. அது விழித்ததும் எஸ்.எக்ஸ்.டி. இடம்மாறுவது பல மடங்கு கூடுகிறது. மருந்தே எதிர்ப்பைப் பரப்ப உதவுகிறது. சாதாரண வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையே இல்லை. ஓ.ஆர்.எஸ்.ஸும், குழந்தைகளுக்குத் துத்தநாகமும் போதும்.

ஓ139 உலகையே சுற்றி வரப்போகிறது என்று 1993ல் பலரும் அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை. ஓ1 எல் டார் மீண்டும் முன்னுக்கு வந்தது. ஓ139 மெல்ல ஒடுங்கியது. ஆனால் தடுப்பு மருந்து செய்தவர்கள் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் தயாரிக்கப்பட்டு 2011ல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் ஓ1, ஓ139 இரண்டையும் கொன்று சேர்த்திருந்தார்கள். கல்கத்தாவின் நெரிசலான குடியிருப்புகளில் அதைப் பரிசோதித்தபோது ஐந்து ஆண்டுகளில் 65 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது.

இனி நம் கரையை விட்டு வெகுதூரம் போகிறேன். கரீபியக் கடலில் ஹைத்தி. 2010 ஜனவரி 12ல் அங்கே பெரும் நிலநடுக்கம். அக்டோபரில் காலரா. அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நாட்டில் காலரா பதிவானதே இல்லை. ஆர்ட்டிபோனிட் ஆற்றின் கரையோர மக்கள் முதலில் விழுந்தார்கள். ஆற்றின் கிளையோடையருகே ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாம் இருந்தது. நேபாளத்திலிருந்து வந்த படை. முகாமின் கழிவு ஓடையில் கலப்பதாக ஊர்மக்கள் முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். யாரும் செவிசாய்க்கவில்லை. கிருமி கடலில் தானாகவே இருந்திருக்கலாம், நிலநடுக்கம் கிளப்பிவிட்டிருக்கலாம் என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியரூ களத்துக்குப் போய், நோய் முகாமருகே தொடங்கி ஆற்றோடு இறங்கியதை வரைபடமாகக் காட்டினார். மெகலனோஸ் உள்ளிட்ட குழு, ஹைத்திக் கிருமியின் மரபுத்தொகுதியைப் படித்து, அது தென்னாசியக் கிருமிகளின் உறவு, லத்தீன் அமெரிக்கக் கிருமிகளின் உறவல்ல என்று சொன்னது. ஆனால் தென்னாசியா என்பது பரந்த நிலம். எந்த நாடு?

அதற்கு விடை நேபாளத்திலிருந்தே வர வேண்டியிருந்தது. 2010ல் அங்கே நோயாளிகளிடமிருந்து எடுத்த 24 கிருமிகள் இருந்தன. அவற்றைப் படித்து, ஹைத்தியின் 3 கிருமிகள் உட்பட முன்பே படிக்கப்பட்டிருந்த 10 கிருமிகளோடு ஒப்பிட்டு 2011ல் வெளியிட்டார்கள். ஹைத்திக் கிருமிகளிலிருந்து 40 லட்சம் எழுத்துகளில் ஒன்றிரண்டு எழுத்து மட்டும் வேறுபட்டவை நேபாளத்தில் இருந்தன. வேறு விளக்கத்துக்கு இடமில்லாமல் போனது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் நோய்வாய்ப்பட்டு, 9,000 பேருக்கு மேல் இறந்தபின், 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கீ மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆற்றங்கரை விவசாயிகள் முதல் வாரத்திலேயே சொன்னதை உலகம் ஏற்க ஆறு ஆண்டுகள் ஆயின. மரபணு இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த 24 கிருமிகளைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். நேபாளத்தில் யாரோ நோயாளியின் மலத்திலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்தார்கள். யாரோ அதை உறைபெட்டியில் வைத்தார்கள். சென்னையில் 1992ல், ஓ1 எதிர்ச்சீரத்தில் திரியாத கிருமியை எறிந்துவிடாமல் யாரோ பத்திரப்படுத்தினார்கள். மரபுத்தொகுதியைப் படிக்கும் இயந்திரம் இன்று எங்கும் கிடைக்கிறது. படிப்பதற்குக் கிருமி வேண்டும்.

இப்போது விரைவுச் சோதனைப் பட்டைகள் வந்துவிட்டன. பி.சி.ஆர். வந்துவிட்டது. சில நிமிடங்களில், சில மணிகளில் விடை கிடைத்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் விடை கிடைத்ததும் மாதிரியை எறிந்துவிடும் வழக்கமும் கூடவே வளர்கிறது. பட்டை காட்டுவது அது தேடச் சொன்ன வகையை மட்டுமே. சட்டை மாற்றிய கிருமியை அது காட்டாது. எந்த மருந்துக்கு அது அசையும் என்றும் சொல்லாது. கிருமியை வளர்த்தால்தான் இரண்டும் தெரியும்.

இந்த அவையில் அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றும் நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. உங்கள் ஊரில் குடிநீரில் கழிவு கலந்து பத்துப் பதினைந்து பேர் ஒரே நாளில் பேதியோடு வந்தால், முதலில் ஓ.ஆர்.எஸ்., தேவைப்படுவோருக்கு நரம்பு வழித் திரவம். அதைத் தொடங்கிவிட்டு, நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதற்கு முன், ஐந்தாறு பேரிடமாவது மலத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து கேரி-பிளேர் ஊடகத்தில் போடுங்கள். அதைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியதில்லை, அறை வெப்பத்திலேயே ஒரு வாரம்வரை கிருமி உயிரோடிருக்கும். வெறும் டப்பாவில் எடுத்த மாதிரி அப்படித் தாங்காது, இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் கவனித்தாக வேண்டும். காரப் பெப்டோன் நீரில் ஊறவைத்து, டி.சி.பி.எஸ். தட்டில் போட்டால் மறுநாள் மஞ்சள் திட்டுகள் எழும். அவற்றைத் தனியே வளர்த்து, ஓ1, ஓ139 இரண்டு எதிர்ச்சீரங்களிலும் பாருங்கள். எதிலும் திரியாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள். கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில், தேதியும் ஊரும் எழுதிய குப்பியில். மாவட்டத்துக்கு ஒரு உறைபெட்டி, மின்சாரம் நின்றால் அதைத் தாங்கும் ஒரு ஜெனரேட்டர், குப்பிகளின் பதிவேட்டை ஒழுங்காக எழுத ஒரு பணியாளர். அரசிடம் இதைக் கேட்டு எழுத முன்வருபவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்தபின் என்னைப் பாருங்கள். கடிதத்தில் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.